மாப்பிள்ளைக்குப் பக்கத்து இடம்

அட்டவணையைத் தலைகீழாகத்தான் போட வேண்டும். பொழுது விடிந்தது முதல் அடைந்தது வரை என்று மேலிருந்து கீழே எழுதிக்கொண்டு வந்தால் எந்த நாளும் சொன்னபடி நடக்காது. இது கோகிலவாணி திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிக் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான வித்தை. கப்பல் கிளம்புகிற நாளை முதலில் எழுது, அதற்கு முன்னால் என்ன முடிந்திருக்க வேண்டும், அதற்கும் முன்னால் என்ன, அப்படியே பின்பக்கமாக நடந்து போனால் கடைசியில் நீ எங்கே நிற்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். தம்பி தீபன் கல்யாணத்துக்கும் அதே கணக்குத்தான், கப்பலுக்குப் பதிலாகத் தாலி. ஞாயிற்றுக்கிழமை காலை, கோபிச்செட்டிபாளையத்து வீட்டுச் சாப்பாட்டு மேஜை, இந்தப் பக்கம் அவளும் லேப்டாப்பும், அந்தப் பக்கம் அம்மாவும் ஒரு குவியல் அவரைக்காயும். தாலி கட்டுவது மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில், மணலில் போட்ட பந்தலில், சூரியன் கடலை விட்டு ஏறிய பிறகு, ஆனால் மணல் காலைச் சுடுவதற்கு முன்னால். அவர்கள் வகையறாவில் யாரும் கடலைப் பார்த்து நின்று தாலி கட்டியதில்லை. சொந்த ஊர் வாய்க்காலைத் தாண்டி ஒரு கல்யாணம் போனதென்றால் அது பவானி வரைக்கும்தான். கட்டிக்கொள்ளப் போகிற ஆர்த்தி ஆசைப்பட்டாள், தீபன் தலையாட்டினான், தீபன் எதற்குத்தான் தலையாட்டவில்லை. சரி, தாலி. அதற்கு முன்னால் பெண் பந்தலுக்கு வர வேண்டும், மணலில் பட்டுச்சேலையோடு நடந்தால் பொழுது போய்விடும், அறையிலிருந்து பந்தல் வரைக்கும் பாய் விரிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மாப்பிள்ளை பட்டு மாற்ற வேண்டும், வேட்டி இடுப்பில் நிற்காது, காற்று, பெல்ட் ஒன்று எடுத்து வைக்க வேண்டும். அதற்கு முன்னால் இணைச்சீர். இங்கே அவள் விரல் நின்றது. நேற்றும் இங்கேதான் நின்றது, முந்தாநாளும் இங்கேதான். இணைச்சீர், எதிரே ஒரு காலிக் கட்டம், கட்டத்தின் தலைப்பு ‘மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பவர்’. ஈவென்ட் கம்பெனிப் பெண் ஷாலினி காலையிலேயே கேட்டுவிட்டாள், “மேம், அந்த பிரதர் சிஸ்டர் ரிச்சுவலுக்கு சிஸ்டர் யாரு மேம்? டிரோன் ஷாட் இருக்கு, சேலைக் கலர் சொல்லணும், மதியத்துக்குள்ள பேர் குடுத்துடுங்க.” பாவம், சென்னைப் பெண், அவளுக்கு அது இன்னொரு படம். அக்கா இருக்கிறவனுக்கு சிஸ்டர் யார் என்று கேட்கிற கேள்வியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

இணைச்சீர் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை, வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் இவ்வளவுதானா என்பார்கள். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ, கல்யாணப் பெண்ணுக்குச் சமமாகப் பட்டும் நகையுமாகச் சோடித்துக்கொண்டு, அவனுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். மடித்த கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கக்கத்தில், மறு முனை இவள் கையில். சீர் நடத்திவைக்கிற அருமைக்காரர் செய்ய வேண்டியதைச் செய்வார். அவ்வளவுதான். புதிதாக ஒருத்தி வருவதற்கு முன்னால் இங்கே ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் பார்க்க நின்று காட்டுவது. கூடப் பிறந்தவளுக்கு அந்த வீட்டில் கிடைக்கிற ஒரே மேடை அது, அப்புறம் ஆயுசுக்கும் விருந்தாளிதான். கோகிலவாணி பின்பக்கமாக இன்னும் ஒரு வரி நடந்து பார்த்தாள், இணைச்சீர் நடக்கிற அதே நேரத்தில் வேறு என்னென்ன நடக்கிறது. பஸ் நிறுத்துமிடம், ஊரிலிருந்து வருகிறவர்களை வரவேற்று டீ கொடுத்து அறைக்கு அனுப்புவது, பொறுப்பு கோகிலவாணி. அதற்கு அடுத்த வரி, முதல் பந்தி, இலை, பொறுப்பு கோகிலவாணி. அதற்கும் அடுத்தது, தேங்காய்ப் பை, பொறுப்பு கோகிலவாணி. பந்தலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அந்த வட்டத்துக்கு வெளியே எங்கெல்லாம் ஒரு மனுஷி நிற்கலாமோ அங்கெல்லாம் அவள் நின்றாள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால் அதையெல்லாம் அடித்தது வேறு யாரும் இல்லை, அவளே. போன வாரம் பெரியம்மா வந்து, அப்பாவின் அண்ணன் மனைவி, இதே நாற்காலியில் உட்கார்ந்து காபியை ஆற்றி ஆற்றிச் சொல்லச் சொல்ல இவள் அடித்துக்கொண்டே போனாள். “கோகிலாவ விட்டா ஆளு யாரு இருக்கா? பஸ்ஸ அவ பாத்துக்கட்டும். பந்தியா, அதும் அவதான். கெட்டிக்காரியல்ல எங்கூட்டுப் புள்ள.” புகழ்ந்து புகழ்ந்தே ஒருத்தியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்த முடியும் என்பதை அப்போது பார்த்தாள், பார்த்துக்கொண்டே அடித்தாள், கெட்டிக்காரி என்ற வார்த்தைக்கு அவளுக்கு எப்போதும் ஒரு பலவீனம். காபி தீர்ந்த பிறகுதான் பெரியம்மா மெதுவாக, கரண்டியில் எண்ணெய் விடுவது போல, “இணைச்சீருக்கு நித்யா நிக்கட்டும், என்ன? அவளும் பெரியப்பன் மக, அக்கா முறைதான, ரெண்டு புள்ள பெத்தவ, புருசனோட நல்லா இருக்கறவ” என்றாள். நித்யகலா பெரியம்மாவின் மகள். அம்மா அப்போதும் ஏதோ நறுக்கிக்கொண்டுதான் இருந்தாள், வெண்டைக்காயோ என்னவோ, தலையைத் தூக்கவில்லை.

சொல்லாத வார்த்தை ஒன்று அந்த மேஜையில் கிடந்தது. வாழாவெட்டி. எவன் கண்டுபிடித்தானோ, அவன் கையில் கொப்புளம் வர. அவள் வாழவில்லையாம். காலையில் எழுந்து பஸ் பிடித்து, தையல் லைனில் நூறு பேரை வேலை வாங்கி, ஜெர்மனிக்காரனிடம் சண்டை போட்டு, சாயங்காலம் பேக்கரியில் நின்று டீ குடித்து, மழை பெய்தால் நனைந்து, இதெல்லாம் வாழ்வது இல்லையாம். அந்த சுரேந்தரைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டில் இருந்ததுதான் வாழ்வாம். அவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, அதுதான் பஞ்சாயத்தில் எல்லோருக்கும் பெரிய சங்கடம், குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் பேசமாட்டான். கோபம் வந்தால் பேசமாட்டான், எதற்குக் கோபம் என்றும் சொல்லமாட்டான், தட்டை நகர்த்தி வைப்பான், ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு முறை தீபாவளி கழிந்து பொங்கல் வரைக்கும். சமையலறைச் சுவரைப் பார்த்துப் பேசிப் பேசி ஒரு நாள் தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது, அன்றைக்குத்தான் பயந்துபோய் தீபனுக்குப் போன் செய்தாள். வந்து கூட்டிக்கொண்டு போ என்று மட்டும்தான் சொன்னாள். அவன் பைக்கில் வந்தான், மழை, காலேஜ் பை முதுகில், அந்தப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு அவள் பெட்டியைப் பின்னால் கட்டினான். வழி நெடுக ஒரு கேள்வி கேட்கவில்லை. பெருந்துறை தாண்டி ஒரு பேக்கரியில் நிறுத்தி அவள் கையில் தேங்காய் பன்னைக் கொடுத்து, “சூடா இருக்குது, தின்னுக்கா” என்றான். அந்த பன்னின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. தீபன் பேசாமல் வந்தது சுரேந்தரின் மௌனம் மாதிரி இல்லை, இது அவளோடு கூட உட்கார்ந்திருக்கிற மௌனம். தம்பி என்றால் இவன்தான் என்று அன்று நினைத்தாள். அதே தம்பிதான் போன வாரம், இணைச்சீருக்கு யாருடா என்று கேட்டு அனுப்பியதற்கு, ‘எதுன்னாலும் எனக்கு ஓகேக்கா’ என்று ஒரு வரி அனுப்பிப் பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சியும் வைத்தான். பெரியம்மா சொன்னது தோலில்தான் பட்டது, துடைத்துக்கொள்ளலாம். இந்த ஓகேதான் உள்ளே போய் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. எதுன்னாலும். அவள் நின்றாலும் சரி நிற்காவிட்டாலும் சரி. அன்று கேட்காமல் இருந்தானே, அது அன்பா, அல்லது அவனுக்குக் கேட்கத் தெரியாதா, கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடும் என்கிற பயமா, இத்தனை வருஷமும் பயத்தைத்தான் அன்பு என்று எண்ணி நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தோமா. சீ, அப்படி இல்லை. அந்த பன் பொய் இல்லை.

குக்கர் விசில் அடித்தது. அம்மா எழுந்து போய் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து மறுபடி அவரைக்காயின் நாரை இழுக்கத் தொடங்கினாள். அப்பா போன பிறகு அம்மா இப்படித்தான், எந்தக் கல்யாணத்திலும் கடைசி வரிசை நாற்காலி, மணவறைப் பக்கம் போகமாட்டாள், மங்கலத் தட்டைத் தொடமாட்டாள், யாரும் சொல்லாமலே தள்ளி நிற்கப் பழகிக்கொண்டாள். நானும் அப்படிப் பழகிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது, இல்லாவிட்டால் பெரியம்மா பேசும்போது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. போகட்டும். அம்மாவிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது. ஆனால் பயமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தன் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டால் அன்றைக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று மனசு தன்பாட்டுக்கு ஓட்டிப் பார்த்தது. மணல், காற்று, நாற்காலி வரிசைகள், அவற்றில் உட்கார்ந்திருக்கிற சொந்தபந்தம், அவள் பட்டுக் கட்டிக்கொண்டு நடந்து வருகிறாள், பேச்சு ஒவ்வொரு வரிசையாக நின்றுபோகிறது, ஒரு அத்தை பக்கத்து அத்தையின் தொடையைத் தட்டுகிறாள். அருமைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு பெரியம்மாவைப் பார்க்கிறார். ‘அம்மணி, நீயி சித்த அக்கட்டால நில்லு.’ தள்ளி நில் என்று, எல்லோர் முன்னாலும். கையில் சேலை முனையோடு. ஆர்த்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, தலைக்கு மேலே டிரோன் கொசு மாதிரி ரீங்கரிக்க. தீபன் தலையைக் குனிந்துகொண்டிருக்க. இந்த இடம் வந்ததும் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். குடிக்கும்போதே எரிச்சல் வந்தது. நடக்காத ஒன்றுக்கு இப்போதே செத்துச் செத்துப் பிழைப்பானேன். ஜெர்மனிக்காரன் முழு சரக்கையும் திருப்பி அனுப்புவேன் என்று மிரட்டியபோதுகூட இப்படி எழுந்து போய்த் தண்ணீர் குடித்ததில்லை. நித்யா நிற்கட்டுமாம். நித்யாவுக்கு என்ன தெரியும், தீபனுக்கு இடது தோளில் பாரம் தாங்காது, பள்ளிக்கூடத்தில் மரத்திலிருந்து விழுந்தது, ரொம்ப நேரம் கையை மடக்கிக்கொண்டு நின்றால் வலிக்கும் என்று தெரியுமா. அம்மை போட்டு அவன் கிடந்தபோது வேப்பிலையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவளா. நல்லா இருக்கிறவளாம். நல்லா இருக்கட்டும், நூறு வருஷம் இருக்கட்டும், ஆனால் அவள் புருஷன் வீட்டில் நல்லா இருப்பதற்கும் என் தம்பிக்குப் பக்கத்தில் நிற்பதற்கும் என்ன சம்பந்தம். அந்த இடம் சுரேந்தர் கொடுத்ததா, அவன் வீட்டை விட்டு வந்ததும் பிடுங்கிக்கொள்ள. அவன் முகத்தைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே, தீபன் பிறந்த அன்றே வந்த இடம் அது. அதை ஓகே என்று ஒருத்தன் சொல்லி, பஸ்ஸைப் பார்த்துக்கொள் என்று ஒருத்தி சொல்லி, காய் நறுக்கிக்கொண்டு ஒருத்தி சும்மா இருந்து, மூன்று பேருமாகச் சேர்ந்து என்னைப் பார்க்கிங்குக்கு அனுப்பிவிட முடியுமா. போனை எடுத்தாள்.

“சொல்லுக்கா” என்றான் தீபன். பின்னால் ஏதோ கடை இரைச்சல், செருப்போ துணியோ வாங்கிக்கொண்டிருக்கிறான். “இணைச்சீருக்கு யாருடா நிக்கறது?” “அதான் சொன்னனேக்கா, எதுன்னாலும் எனக்கு ஓகே.” “ஓகேன்னு ஒரு புள்ள நம்ம சொந்தத்துல இல்லயே, அவ எந்த ஊருக்காரி?” அவன் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. “பெரீம்மா மனசு கஷ்டப்படுவாங்கக்கா. அப்பா இல்லாதப்ப அவியதான எல்லாத்துக்கும் முன்ன நின்னாங்க.” “அவிய நின்னாங்க, சரி. நான் கேட்டது அதில்ல. உன்ற பக்கத்துல யாரு நிக்கோணும், உனக்கு? ஊருக்கு வேண்டாம், பெரீம்மாவுக்கு வேண்டாம், உனக்கு.” கடை இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் இந்த முறை அவனுக்காக அந்த இடைவெளியை நிரப்பிக் கொடுக்கவில்லை, எத்தனையோ தடவை நிரப்பிக் கொடுத்தாயிற்று, காத்திருந்தாள், காதில் போன் சுட்டது. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அப்போதுதான் தோன்றியது. சொன்னால் சொல்லட்டும், பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு பந்தியையும் பார்த்துக்கொண்டு வந்துவிடலாம், ஆனால் சொல்லிவிட்டுச் செய்யட்டும், சிரிக்கிற மூஞ்சி போட்டுவிட்டு வேண்டாம். “நீதான்க்கா” என்றான் தீபன். குரல் சின்னப் பையன் குரலாகப் போயிருந்தது. “வேற யாரு நிப்பா? நீதான்.” அடுத்த மூச்சிலேயே, “ஆனா அதை நீயே சொல்லீருக்கா. நான் சொன்னா கொழப்பமாயிரும்” என்றான். அட சாமி. தாலி கட்டப் போகிறவன். சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்து எது முதலில் என்று முட்டிக்கொண்டன. “சொல்றன். நீ செருப்பு வாங்கு” என்று வைத்தாள்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. காலிக் கட்டத்தில் ‘கோகிலவாணி, மாப்பிள்ளையின் அக்கா’ என்று அடித்தாள். பேர் மட்டும் போட்டால் போதாது, முறையையும் போட வேண்டும், பார்க்கிறவர்கள் கண்ணில் குத்தட்டும். பஸ் நிறுத்துமிடத்திலிருந்து தன் பெயரை அழித்து நித்யகலாவின் வீட்டுக்காரர் பெயரைப் போட்டாள், நல்லா இருக்கிறவர்தானே, கொஞ்சம் டீயும் ஊற்றட்டும். முதல் பந்தியைச் சமையல்காரரிடமே விட்டாள். ஷாலினிக்கு, சேலைக் கலர் அரக்கு, சிஸ்டர் நான்தான், என்று அனுப்பினாள். அப்புறம் முழு அட்டவணையையும் குடும்ப குரூப்பில் போட்டாள், போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள், உடனே நிமிர்த்தி வைத்தாள். ஒவ்வொருவராகப் பார்த்தது தெரிந்தது. காலை வணக்கத்துக்குக் கூடத் தாமரைப்பூ அனுப்புகிற குரூப், ஒரு பூ இல்லை, ஒரு கைகூப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அத்தனை வீட்டிலும் மிக்ஸியை நிறுத்திவிட்டு ஒரே வரியைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. படியுங்கள். எழுத்துக்கூட்டிப் படியுங்கள். போன் அடித்தது, பெரியம்மா. கோகிலவாணி ஒரு விநாடி அம்மாவைப் பார்த்தாள், அம்மா அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

“என்ன கோகிலா, யாரக் கேட்டு இப்படிப் போட்டிருக்கற?”

“தீபனைக் கேட்டுத்தானுங்க பெரீம்மா.”

“அவன் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? நான் உன்ற நல்லதுக்குத்தான் சொல்றன். நாளைக்குத் தீபனுக்கும் அந்தப் புள்ளைக்கும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா ஊரு உன்னையத்தான சொல்லும்? வாழாம வந்தவ கைய வெக்கலாமான்னு கேக்கமாட்டாங்களா?”

வந்துவிட்டது. இத்தனை நாள் மேஜையில் சொல்லாமல் கிடந்த வார்த்தை எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. வந்தவுடன் பார்த்தால் அவ்வளவு பெரியதாகவும் இல்லை. “என்ற கை அவன் மேல பொறந்ததுல இருந்து படுதுங்க பெரீம்மா” என்றாள். “தூக்கிச் சுமந்த கை, குளிப்பாட்டி உட்ட கை. இது வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆவல. நான் நிப்பனுங்க. நீங்க வந்து முன் வரிசைல உக்காந்து பாக்கோணும், அதுதான் எனக்கு ஆசை.”

“அப்பிடியா? அப்ப நீயே எல்லாம் பாத்துக்க. எங்க பங்காளி ஊட்டு பஸ் வராது. ஒரு ஆளு வராது. கடல்கரைல காலி நாற்காலிய வெச்சுட்டுக் கல்யாணம் பண்ணுங்க, நல்லா இருக்கும்.”

அது விழுந்த இடம் வலித்தது. ஒரு பஸ் என்றால் பாதி சொந்தம். ஆர்த்தி வீட்டார் முன்னால் தீபன் பக்கம் மட்டும் மொட்டையாக, நாற்காலிகள் கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். தன் ஒருத்தி வீம்புக்காகத் தம்பி கல்யாணத்தில் இப்படி ஆக வேண்டுமா, இன்னும் நேரம் இருக்கிறது, ஒரு வரியை மாற்றினால் போதும். இல்லை, மாட்டேன். வாயைத் திறந்தாள், என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அம்மா போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அக்கா, நான் ருக்குமணி பேசறனுங்க” என்றாள் அம்மா, வாசலில் தயிர்க்காரியிடம் பேசுகிற அதே குரலில். “பஸ்ஸு வராட்டிப் போவுதுங்க்கா. அத்தன தூரம் உக்காந்து வந்தா உங்களுக்கும் இடுப்பு வலிக்கும்.”

பிறகு கோகிலவாணியைப் பார்த்தாள். போனை வைக்கவில்லை, அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தே கேட்டாள்.

“கோகிலா, சமையக்காரனுக்கு அம்பது எலை கொறச்சுச் சொல்லீரு. கடைசி நேரத்துல சொன்னா அவன் ஒத்துக்க மாட்டான்.”

கண் மறைத்தது, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. கோகிலவாணி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலை எண்ணிக்கை இருக்கிற கட்டத்தைத் தேடிப் போனாள்.

“போட்டுட்டியா?” என்றாள் அம்மா.

“போட்டுட்டேன்.”